வெட்டிய படத்தின் மற்றப் பாதி

வால்டோர்ஃப், ஜேர்மனி
07.10.2007, ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகன் சேயோனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் சயந்தினியும் நானும் நல்ல சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், அந்தச் சொல் இந்தக் கிழமை கைக்கு வரமாட்டேன் என்கிறது, ஆகவே இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். கிரீன் கார்ட் விழுந்து நீ வேலைக்கென்று போன அந்த டெக்சாஸ் வெயிலுக்குள் காய்ச்சல் தடிமன் ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு நல்லபடி இருக்க வேண்டும் என்று நான் கும்பிடாத நேரமில்லை. தங்கச்சி பல் டாக்டரிடம் செய்கிற அவுஸ்பில்டுங் தொழிற்பயிற்சியில் அரைவாசிச் சோதனை பாஸ் பண்ணிவிட்டாள், இன்னும் ஒன்றரை வருசத்தில் முழுச் சம்பளத்துக்கு வேலை செய்வாள். உனக்கென்று ஒரு கம்பளிச் சுவெற்றர் வாங்கி அலுமாரிக்குள் வைத்திருக்கிறாள், டெக்சாஸில் எதுக்கடி சுவெற்றர் என்று கேட்டால், அண்ணா நத்தாருக்கு இஞ்சை வருவார்தானே என்கிறாள், அதைக் கேட்டுவிட்டு நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அப்பாவுக்குப் பிரஷர் கூடிவிட்டது, டாக்டர் குளிசையை இரண்டாக்கியிருக்கிறார். உன் கடிதம் வந்த நாளிலிருந்து மனுசன் சரியாக வாய் திறக்கவில்லை, தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டு அதற்கு முன்னால் இருக்கிறார், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். அவர் ஒரு தரமாவது அழுதால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

நீ அனுப்பிய கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த ஒற்றைத் தாளும் செவ்வாய்க்கிழமை வந்தன. தாள் இங்கிலீஷில் இருந்தபடியால் சயந்தினிதான் வாசித்து வாசித்துச் சொன்னாள். அமெரிக்க ஆமியில் சேர உனக்கு இந்த மாதம் இருபத்திமூன்றாம் திகதி ரெர்மின் என்று வர வேண்டிய நாள் குறித்துத் தந்திருக்கிறார்கள், அன்றைக்குக் கையெழுத்து வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும், பயிற்சி முடிந்த பிறகு ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பக்கூடும், பிரஜாவுரிமையும் கெதியாகக் கிடைத்துவிடும், இதெல்லாம் கடிதத்தில். அந்தத் தாளில் இருந்தது, ஏன் சேர விரும்புகிறாய் என்று அவர்கள் கேட்டதற்கு நீ எழுதிக் கொடுத்த பதில். என் மாமா விஜயரத்தினத்தைக் கம்யூனிஸ்டுகள் கொன்றார்கள், என் தாயும் தகப்பனும் அவர்களுக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடினார்கள், அவர்களைக் காப்பாற்ற அன்றைக்கு ஒரு வல்லரசும் வரவில்லை, அமெரிக்கா தன் கரையைவிட்டுப் பல ஆயிரம் மைல் தள்ளி வியட்னாமுக்குப் போனது இப்படிப்பட்ட சனங்களுக்காகத்தான், அப்படித் தூரத்துக்குப் போகிற படையில் நானும் ஒருவனாக நிற்க வேண்டும். இவ்வளவையும் எழுதிக் கொடுத்துவிட்டு, கடிதத்தின் அடியில், அம்மா, சாமித்தட்டில் இருக்கிற மாமாவின் படத்தை எனக்கு அனுப்புங்கோ, யூனிஃபோம் பொக்கற்றில் வைச்சிருக்கப் போறன் என்று கேட்டிருக்கிறாய். அட என் பாவி மகனே, சயந்தினி வாசித்து முடிக்க நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அம்மா என்ன அம்மா என்ன என்று அவள் கத்துகிறாள். மூன்று தரம் உனக்கு ரெலிபோன் எடுத்தேன். மூன்று தரமும் பயப்படாதேங்கோ அம்மா, பயப்படாதேங்கோ அம்மா என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். பக்கத்தில் அப்பா இருக்கச் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். அழுது அழுது என்றாலும் நீ தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பத்தாம் வகுப்பு வரைக்கும் போனவன், உனக்கு வாசிக்க ஏலும். விளங்காத இடத்தை இரண்டு தரம் வாசி. கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு அடுத்த நாள் வாசி, ஆனால் இருபத்திமூன்றுக்கு முதல் கடைசி வரி வரைக்கும் வாசித்து முடி.

இதை நான் எங்கள் வீட்டில் இருந்து எழுதவில்லை. லானின் வீட்டுக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். முதியோர் இல்லத்துக் குசினியில் பதினாலு வருசமாக என் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு உரிக்கிறாளே, நீ சின்னனில் வியட்னாம் அன்ரி என்று கூப்பிடுவாயே, அந்த லான்தான். அவளுடைய மனுசன் செத்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகத்தான் இருக்கிறாள். உன் தாளைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு மண்டைக்குள் ஒரே ஒரு கேள்வி, வியாழக்கிழமை வேலையில் நின்று அவளிடம் கேட்டேன், லான், அமெரிக்கன் ஏன் உங்கடை நாட்டுக்குச் சண்டைக்கு வந்தவன் என்று. அவள் அந்த நேரம் பதினாறு வயதுப் பெட்டை, அமெரிக்க முகாம் ஒன்றில் கோப்பை கழுவினவள். அவள் தன்னுடைய உடைந்த ஜேர்மன் மொழியில் சொன்னதை நான் என்னுடைய உடைந்த ஜேர்மன் மொழியில் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன். எங்களுக்காகத்தான் வந்தவங்கள் எண்டு முதலிலை நானும் நினைச்சன் என்றாள். அங்கே ஒரு பெடியன் இருந்தானாம், பத்தொன்பது வயது, சோளம் விளைகிற ஊர்க்காரன், சாப்பிட்ட கோப்பையைத் தானே கொண்டு வந்து தருவானாம். நீ ஏன் இஞ்சை வந்தனி என்று இவள் ஒரு நாள் கேட்டாளாம். கம்யூனிஸ்டுகளை இஞ்சை மறிக்காட்டில் நாளைக்கு எங்கடை ஊருக்கு வந்திடுவாங்கள் என்று சொல்லி, ஈரக் கையால் மேசையில் தன்னுடைய ஊரையும் இவளுடைய ஊரையும் கீறிக் காட்டினானாம். நடுவில் அவ்வளவு பெரிய கடல். எங்கடை ஆக்களிட்டை ஒரு நல்ல வள்ளம்கூட இல்லை, இவன்ரை ஊருக்கு எப்பிடிப் போவினம் எண்டு யோசிச்சன் என்று லான் சொல்லிச் சிரித்தாள், சிரித்துவிட்டு, அவன் பொய் சொல்லேல்லை மலர், அவனுக்கு உண்மையாப் பயம், அவனை அனுப்பின பெரியவைக்கும் உண்மையாப் பயம், ஆனா அது எங்கடை பயம் இல்லை, தங்கடை பயத்தை எங்கடை வயலுக்குள்ளை கொண்டுவந்து வைச்சுச் சண்டை பிடிச்சவை, பயம் களைச்ச அண்டைக்கு வெளிக்கிட்டுப் போட்டினம், நாங்கள் அங்கையே நிண்டம் என்றாள். அந்தப் பெடியன் அதற்கு முதலே ஒரு நாள் சாப்பிட வரவில்லையாம். அவனுடைய கோப்பையை ஒரு கிழமையாகத் தனியாகக் கழுவி வைத்தாளாம், பிறகு முகாமின் அதிகாரி ஒருவர் வந்து, அதையும் மற்றதுகளோடு அடுக்கு என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அப்போதுதான் அவள் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டாள், உங்களைத் துரத்தின கம்யூனிஸ்டுகள் ஆர், ரஷ்யாக்காரரோ சீனாக்காரரோ, பதினாலு வருசத்திலை நீ அதை ஒரு நாளும் வடிவாச் சொன்னதில்லையே என்று. சேயோன், நான் இப்போது எழுதப் போவதை நீ உட்கார்ந்து கொண்டு வாசி. எங்களை ஒரு கம்யூனிஸ்டும் துரத்தவில்லை. உன் மாமாவை ஒரு கம்யூனிஸ்டும் கொல்லவில்லை. லானுக்குத்தான் இதை முதன்முதலாகச் சொன்னேன், இரண்டாவதாக உனக்குச் சொல்கிறேன். நல்ல பொய் ஒன்றை எங்களுக்கு ஆக்கித் தந்தவர் கொழும்பில் இருந்த பரராசசிங்கம் என்ற மனுசன். வெளிநாடு போகிற சனத்துக்குக் கேஸ் எழுதிக் கொடுப்பது அவருக்குத் தொழில். அங்கே போய் அகதி என்று பதியும்போது ஏன் ஓடி வந்தாய் என்று கேட்பார்கள், அதற்குச் சொல்ல வேண்டிய கதைக்குத்தான் எங்கள் ஆட்கள் கேஸ் என்று சொல்வார்கள். அவரிடம் ஒரு கொப்பியில் நாட்டுக்கு ஒரு கேஸ் தயாராக இருந்தது. நாங்கள் ஜேர்மனிக்கு என்றதும் அவர் யோசிக்கவேயில்லை, ஜேர்மன்காரனை நடுவிலை மதில் கட்டிப் பிரிச்சு வைச்சிருக்கிறாங்கள், அவனுக்குக் கம்யூனிஸ்ட் எண்ட பேரைக் கேட்டாலே வயிறு எரியும், உங்களுக்குக் கம்யூனிஸ்ட் கேஸ்தான் பொருத்தம் என்று எழுதித் தந்தார். கம்யூனிஸ்ட் கட்சி எங்களைத் தன்னோடு சேரக் கூப்பிட்டது, நாங்கள் மறுத்தோம், வெட்டுவோம் என்று கடிதம் போட்டார்கள், இப்படி. அப்பாவும் நானும் அதைப் பாடமாக்கினோம். நீ அப்போது என் வயிற்றில் மூன்று மாதம். இலங்கை ஆமிக்குப் பயந்து ஓடுகிறோம் என்று உள்ளதை உள்ளபடி சொல்ல ஏன் எங்களுக்குத் தோன்றவில்லை என்று கேட்பாய், உள்ளதைச் சொன்னவர்களைத் திருப்பி அனுப்புகிறார்களாம் என்று ஊரெல்லாம் கதை, அந்தப் பயத்தில் மூளை வேலை செய்யவில்லை.

இதில் எங்களைப் போன்ற விசரர்கள் மட்டும் விடக்கூடிய பிழை ஒன்று இருந்தது. அந்தக் காலம் மேற்கு ஜேர்மனிக்கு நேரே வர விசா இல்லை, ஆகவே எல்லோரும் வந்தது ரஷ்யாக்காரனுடைய பிளேனில் மொஸ்கோவுக்கு, அங்கிருந்து கிழக்கு பேர்லினுக்கு, அங்கிருந்து ரெயினில் மேற்கு பேர்லினுக்கு. கம்யூனிஸ்ட் நாடு எங்களை ஒரு கேள்வி கேட்காமல் தன் வழியால் விட்டது. அந்தக் கேஸையும் அந்த ரிக்கெற்றையும் ஒரே பையில் கொண்டு வந்தோம், பரராசசிங்கத்துக்கும் அது உறைக்கவில்லை, எங்களுக்கும் உறைக்கவில்லை. ஆனி மாதம் கார்ல்ஸ்ரூவில் ஒரு சின்ன அறையில் என்னை விசாரித்தார்கள், ஆறு மாதத்து வயிறு, அப்பாவை வேறு அறையில் வைத்திருந்தார்கள். அந்த அதிகாரி என் கேஸ் முழுவதையும் வாசித்துவிட்டு, கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து மொஸ்கோ வழியாகவா ஓடி வந்தீர்கள் என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். மொழிபெயர்க்க வந்த எங்கள் தமிழரும் தலையைக் குனிந்துகொண்டார். இனி என்னையும் வயிற்றில் இருக்கிற உன்னையும் பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன், அந்த நினைப்பில் வாயில் வந்ததைச் சொன்னேன், என் அண்ணனைக் கம்யூனிஸ்டுகள் கொன்றுவிட்டார்கள் என்று. அது பரராசசிங்கம் எழுதித் தந்த கேஸில் இல்லை. அதை நானே சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன், அழுகை உண்மை, அண்ணன் செத்து ஆறு மாதம்தான். அந்த அதிகாரி சிரிப்பை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார், எழும்பிப் போய் எனக்கு ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டு வந்து தந்தார். நல்ல மனுசன். இரண்டு வருசம் இழுத்து எங்களுக்கு விசா கிடைத்தது, எந்தச் சொல்லுக்குக் கிடைத்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

உன் மாமா விஜயரத்தினம் யார் தெரியுமா, அவர்தான் ஐயா கம்யூனிஸ்ட். யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை, பின்னேரம் முழுக்கக் கட்சி வேலை. நாங்கள் குறைந்த சாதி என்று ஒதுக்கி வைக்கப்பட்ட சனம், இதையும் உனக்கு நாங்கள் சொல்லவில்லை, இங்கே வந்தும் அதை ஒளித்துத்தான் வைத்தோம். எங்கள் சந்தியில் இருந்த தேநீர்க் கடைக்குள் எங்களை விடமாட்டார்கள், வெளியில் நிற்க வேண்டும், மற்றவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ், எங்களுக்குத் தகரப் பேணி, குடித்துவிட்டு நாங்களே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது ஒரு சனிக்கிழமை அண்ணையும் நாலு கூட்டாளிகளும் அந்தக் கடைக்குள் போய் வாங்கிலில் இருந்து தேநீர் கேட்டார்கள். அந்த நாலு பேரில் இரண்டு பேர் பெரிய சாதிப் பெடியள், அவர்களும் கட்சி. கடைக்காரன் பயந்து கொடுத்துவிட்டான். அண்ணை தன்னுடைய கிளாஸை வாசலுக்குக் கொண்டு வந்து எனக்கு ஒரு மிடறு தந்தார், சரியான சூடு, நாக்கு வெந்துபோனது, அப்படியும் விழுங்கினேன். அடுத்த நாள் அடிக்க ஆட்கள் வந்தார்கள். சொன்னால் நம்பமாட்டாய், அடிக்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் ஊரே இல்லை. மூன்று ஊர் தள்ளி இருந்து லொறியில் பொல்லோடு வந்தவர்கள், அந்தக் கடையில் ஒரு நாளும் தேநீர் குடிக்காதவர்கள், இனியும் குடிக்கப் போகாதவர்கள். அவர்கள் ஏன் வந்தார்கள் என்று அண்ணையிடம் கேட்டேன், வலது கையை மட்டை வைத்துக் கட்டியிருந்தார், சிரித்துக்கொண்டு சொன்னார், இண்டைக்கு இந்தக் கடைக்குள்ளை விட்டால் நாளைக்குத் தங்கடை ஊர்க் கடைக்குள்ளை வருவம், நாளையிண்டைக்குக் கோயிலுக்குள்ளை, பேந்து வீட்டுக்குள்ளை, அதுதான் தங்கடை வாசலுக்கு வாற முதல் இஞ்சை வந்து மறிக்கினம் எண்டு.

உன் அப்பா நன்றாகக் கதைத்த நாட்களில் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொல்லுவார், ஒரு நாடு சரிஞ்சால் பக்கத்து நாடும் சரியும், அது சரிய அடுத்ததும் சரியும் எண்டுதான் வல்லரசுக்குப் பயம், அதோடை ஒரு இடத்திலை விட்டுக்குடுத்தால் தன்ரை சொல்லை ஒருத்தரும் மதிக்கமாட்டினம் எண்டு மானப் பிரச்சினை, அதுக்குத்தான் அவ்வளவு தூரம் போனவை என்று. நான் படிக்காதவள், எனக்கு அது அப்போது விளங்கவில்லை. லான் அந்தப் பெடியன் மேசையில் கீறின ஊரைச் சொல்லும்போதுதான் விளங்கியது, லொறியில் வந்தவர்களும் இதைத்தானே சொன்னார்கள். கம்யூனிஸ்டுகள் எல்லோரும் என் அண்ணனைப் போல என்று நான் சொல்ல வரவில்லை, அந்தப் பாவமும் எனக்கு வேண்டாம். லானின் மனுசனை மூன்று வருசம் காட்டு முகாமில் வைத்துத் திருப்பி அனுப்பியபோது அந்த ஆளுக்கு வாயில் பல்லில்லை, செய்தவர்களும் கம்யூனிஸ்டுகள்தான். அவள் ஓடியது உண்மை. என் கதையைக் கேட்டு முடித்துவிட்டுக் இன்னும் இரண்டு கிழங்கை உரித்தாள், பிறகு, நான் பட்டதை நீ இரவல் எடுத்துப்போட்டாய் மலர், பரவாயில்லை எண்டு சொல்லமாட்டன், ஆனா ஞாயிற்றுக்கிழமை என்ரை வீட்டை வந்து இருந்து இதை உன்ரை மகனுக்கு எழுது என்றாள். அதுதான் வந்து இருந்து எழுதுகிறேன். அடுப்படியில் நின்று நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், ஒரு சொல்லும் விளங்காது, ஆனாலும் பார்க்கிறாள்.

அண்ணையை எண்பத்திநாலு மார்கழியில் ஆமி பிடித்தது. அச்சுக்கூடத்தில் இருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தவரைத் தெருவில் மறித்து வேறு பதினொரு பேரோடு கொண்டு போனார்கள். பத்து நாள் கழித்து ஒரு தாள் வந்தது, பயங்கரவாதி என்று இருந்தது. உடம்பு வரவில்லை. சாகும்போது முப்பத்தெட்டு வயது, கலியாணம் செய்யவில்லை, நான் இருக்கிறேன் என்றுதான் எனக்குப் பார்த்துப் பார்த்துச் செய்தவர். அந்த மனுசனைத்தான் நான் கார்ல்ஸ்ரூவில் அவருடைய ஆட்களே கொன்றதாகச் சொல்லிவிட்டு வந்தேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வெளியில் ஒருத்தரிடம் ஒரு கதை, வீட்டில் ஒரு கதை இருந்தால் பிள்ளைகள் வாய் தவறிச் சொல்லிவிடுவார்கள் என்று இங்கே எல்லாத் தமிழ் வீட்டிலும் கேஸைத்தான் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது, நாங்களும் அப்படியே சொன்னோம். ஒன்பதாம் வகுப்பில் வியட்னாம் சண்டையைப் பற்றி நீ வகுப்பில் பேச வேண்டி வந்தபோது, ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டாய், அப்பா கேஸைச் சொன்னார், நான் மாமாவைச் சொன்னேன். நீ அதைப் பேசி முழுப் புள்ளி எடுத்தாய். பெற்றோர் கூட்டத்தில் உன் வரலாற்று வாத்தியார் என் இரண்டு கையையும் பிடித்து, உங்கள் சகோதரருக்காக வருந்துகிறேன் என்றார், நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகாவது உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் சோறு போட்டேன். நீ சந்தோசமாகச் சாப்பிட்டாய்.

இப்போது நீ அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு துவக்கு எடுக்கப் போகிறாய், நான் சொன்ன பொய், உன் கையில் துவக்கு. வெள்ளிக்கிழமை ஹைடல்பேர்க் ஸ்டேசனில் அமெரிக்க ஆமிப் பெடியள் ஐந்தாறு பேர் பெரிய பைகளோடு நின்றார்கள், இங்கே எப்போதும் நிற்கிறவர்கள்தான், இவ்வளவு காலமும் நான் அவர்களின் முகத்தைப் பார்த்ததில்லை, அன்றைக்கு ஒவ்வொருத்தனாகப் பார்த்தேன். ஒருத்தன் பையில் தலை வைத்து வாயைத் திறந்துகொண்டு நித்திரை, உன்னைப் போலவே. எழுப்பி, உன் அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்க வேண்டும் போல் இருந்தது. நீ போகப் போகிற ஆப்கானிஸ்தானில் முதலில் ரஷ்யாக்காரன் நின்றான், அவனை மறிக்க வேண்டும் என்று இதே அமெரிக்கா அந்த மலைச் சனத்துக்கு ஆயுதம் கொடுத்தது, கம்யூனிஸ்டை எதிர்க்கிறவன் எவனும் தன் ஆள் என்று கொடுத்தது, இன்றைக்கு அந்த ஆட்களுக்குள் சிலரைத் தேடிப் பிடிக்க உன்னை அனுப்பப் போகிறார்கள், இதை நான் சொல்லவில்லை, தொலைக்காட்சியில் ஜேர்மன்காரர் ஒவ்வொரு நாளும் சொல்கிறார்கள். அங்கேயும் ஒரு பதினாறு வயதுப் பெட்டை கோப்பை கழுவிக்கொண்டு நிற்பாள், நீ ஏன் வந்தனி என்று கேட்பாள், நீ அவளுக்கு என்ன சொல்வாய்? என் மாமாவை உன் ஆட்கள் கொல்லவில்லை, ஆனாலும் வந்தேன் என்றா சொல்வாய்? எனக்காக என்று மட்டும் சொல்லிவிடாதே, எனக்காக ஒருத்தரும் எங்கேயும் போக வேண்டாம். பிரஜாவுரிமை கெதியாகக் கிடைக்குமாம், ஏன் ராசா, உனக்கு ஒரு பாஸ்போட் இருக்கிறது, அதற்கு நான் என்ன விலை கொடுத்தேன் என்று இப்போது தெரியும்தானே, இன்னொன்று எதுக்கு?

நான் இதை எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. புதன்கிழமை நான் எல்லாவற்றையும் அவனுக்கு எழுதப் போறன் என்று சொன்னேன், அன்றைக்குத்தான் மனுசன் வாய் திறந்தார், எழுத்திலை மட்டும் வையாதை, கேஸ் பொய் எண்டு ஒரு கடதாசி ஆற்றையும் கையிலை பட்டால் பாஸ்போட்டைப் பறிச்சுப் போடுவினம், சயந்தினியின்ரை படிப்பும் போகும் என்றார். அவர் பயப்படுவதில் பிழையில்லை. பறித்தால் பறிக்கட்டும். நீ ஒரு பெட்டிக்குள் வந்து இறங்கினால் எனக்கு எந்த நாட்டுப் பாஸ்போட் எதுக்கு? உன் காலில் விழுந்து கேட்கிறேன், பெற்றவள் பிள்ளையின் காலில் விழக்கூடாது என்பார்கள், விழுகிறேன், அந்த ரெர்மினுக்குப் போகாதே. இல்லை, போயே தீருவேன் என்று நீ நின்றால் உன்னைக் கட்டி வைக்க எனக்குக் கை நீளாது, நீ வளர்ந்த பிள்ளை. அப்படியென்றால் ஒன்று மட்டும் செய். அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டு வாங்கி மாமாவின் பெயரை வெட்டிவிடு. உனக்குச் சொந்தமாக ஒரு காரணம் இருந்தால் அதை எழுது. சொந்தக் காரணம் ஒன்றும் இல்லை என்று கண்டால் வீட்டுக்கு வா. அவரை நான் ஒரு தரம் காட்டிக்கொடுத்துவிட்டேன், நீ இரண்டாம் தரம் செய்யாதே.

படம் கேட்டாயே. சாமித்தட்டில் இருக்கிற அந்தச் சின்னப் படத்தைப் பார்த்து மாமாவுக்கு ஏன் ஒரு தோள் இல்லை என்று நீ சின்னனில் கேட்பாய், பழைய படம், பழுதாகிப்போச்சு என்று சொல்லிவிடுவேன். பழுதாகவில்லை. அந்தத் தேநீர்க் கடைக்குள் ஐந்து பேரும் இருந்தபோது கட்சிக்காரர் ஒருவர் எடுத்த படம் அது. வெளிக்கிடும்போது பரராசசிங்கம், இதோடை பிடிபட்டால் கேஸ் பாழ், எறி என்றார். நான் கத்தரிக்கோலால் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். மிச்சத்தை எறிந்துவிட்டதாக அப்பாவிடமும் சொன்னேன், எறியவில்லை, இருபத்திரண்டு வருசமாக அந்த முகத்துக்குப் பின்னால், மட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்திருந்தேன், நீ கும்பிட்ட நேரமெல்லாம் அது அங்கேதான் இருந்தது. இன்றைக்குக் காலையில் கழற்றி எடுத்தேன். முகத்தை உனக்கு அனுப்பமாட்டேன், எந்த ஆமியின் பொக்கற்றுக்குள்ளும் அது போக விடமாட்டேன். மிச்சத்தை இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன். அதில் நாலு கூட்டாளிகள் இருக்கிறார்கள், பின்னால் கட்சிக் கொடியில் ஒரு துண்டு தெரிகிறது, ஓரத்தில் ஒரு வலது கை கிளாஸைப் பிடித்திருக்கிறது, அதுதான் மாமாவின் கை, அடுத்த நாள் முறித்த கை. வாசல் பக்கம் மங்கலாக ஒரு பாவாடை தெரியும், அது நான். முகம் இங்கே இருக்கிறது, வந்து நீயே உன் கையால் பொருத்திப் பார்.

பிள்ளையாரும் அம்மாளாச்சியும் உன்னோடு இருக்கட்டும், ஒரு துவக்கும் உன்னைப் பாராமல் இருக்கட்டும், உன் கையும் ஒரு துவக்கைத் தேடாமல் இருக்கட்டும். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. கடிதம் கிடைத்ததும் எங்கள் வீட்டுக்கு எடுக்காதே, அப்பா எடுத்தால் உனக்கும் அவருக்கும் பேச ஒன்றும் வராது. லானின் நம்பரை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், இருபத்திமூன்றாம் திகதி வரைக்கும் வேலை முடிந்து ஒவ்வொரு பின்னேரமும் இங்கே வந்து இருப்பேன். நாளைக் காலை தபாற்கந்தோர் திறக்க முதல் வாசலில் நிற்பேன், விரைவுத் தபாலில் போடுவேன், ஆறு நாளில் வந்துவிடும் என்கிறார்கள். படத்தை வெளியில் எடுக்கும்போது பார்த்து எடு, ஓரம் நொருங்குகிறது.

இப்படிக்கு,
உன் அம்மா,
கம்யூனிஸ்ட் விஜயரத்தினத்தின் தங்கச்சி,
நேசமலர்